தீட்டு இல்லாத வீடு

ஜனவரி 6

சங்கரபாண்டி மச்சானுக்கு இன்று இடுப்பு வலி. முறைக்கம்பு அவர் வாசலுக்கு வரும் நாளில் அவருக்கு இடுப்பு வலி வருவது வழக்கம். அதனால் மலைக்கு நான் போனேன்.

இந்த டைரி பால் சொசைட்டியில் கொடுத்தது. சும்மா வைத்திருந்தால் பல்லி முட்டையிடும் என்று என் மனைவி செண்பகம் சொன்னதால் எழுதுகிறேன்.

முதல் நாள் என்பதால் முறைக்கம்பைப் பற்றி எழுதிவிடலாம். ஊருக்கு மேற்கே இருக்கும் மலைக்குப் பெயர் மொட்டைப்பொத்தை. பெயருக்கு ஏற்றபடி ஒரு காலத்தில் மொட்டையாகத்தான் கிடந்ததாம். வனத்துறையும் ஊரும் சேர்ந்து வனக்குழு ஆரம்பித்த பிறகு மரமும் புல்லுமாக வளர்ந்துவிட்டது. பெயரை மாற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. காவலுக்குச் சம்பள ஆள் கிடையாது, வீட்டுக்கு ஒரு நாள் முறை. சாஸ்தா கோயிலில் மஞ்சள் பூசிக் கொடுத்த கம்பு ஒன்று இருக்கிறது. காலையில் அது எந்த வாசலில் சாத்தியிருக்கிறதோ அந்த வீட்டிலிருந்து ஒருவர் கம்போடு மலைக்குப் போக வேண்டும். சாயங்காலம் இறங்கி வந்து அடுத்த வாசலில் சாத்த வேண்டும். சாமி கம்பு என்பதால் அதற்கு எல்லோரும் பயப்படுவார்கள்.

எங்கள் வாசலில் மட்டும் அதைச் சாத்துவதில்லை. நான் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. ஊரில் மற்ற எல்லோரும் ஒரே பாட்டனின் வாரிசுகள், பங்காளிகள். வனக்குழுவில் இருப்பதும் அவர்களே. முன்வீடு செண்பகத்தின் அண்ணன் சங்கரபாண்டியுடையது, பின்வீடு எங்களுடையது, நடுவில் ஒரு சுவர். கம்பு முன்வாசலுக்கு வந்துவிட்டு எங்களை விட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். காவல் முறை உள்ள வீட்டுக்குத்தான் மலையில் புல் அறுக்க உரிமை. மச்சான் வீட்டு முறையை எட்டு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். புல் அவர் வீட்டு மாட்டுக்குப் போகிறது.

எனக்கு இதில் ஒன்றும் வருத்தம் இல்லை.

ஜனவரி 22

கொஞ்சம் வருத்தம் இருக்கிறது.

எங்கள் பசு செவலை ஐந்து மாதச் சினை. வைக்கோல் படப்பு தரையைத் தொட்டுவிட்டது. லாரியில் வரும் வைக்கோலை ஆனைவிலை குதிரைவிலை சொல்கிறார்கள்.

செண்பகம் சொன்னாள்: "புல்லு கிடைக்கலன்னா செவலைய வித்துர வேண்டியதுதான். வனக்குழுவுல நம்ம பேரையும் சேக்கச் சொல்லிக் கேளுங்க."

"உங்க அண்ணன்தான தலைவர். நீ கேளு."

"நா கேட்டா பொறந்த வீட்டுச் சண்டைன்னு ஆயிரும். நீங்க கேட்டா மனு."

மனு கொடுத்தேன். மச்சான் முழுவதும் படித்துவிட்டு, "பாப்போம் மாப்ள" என்றார். எங்கள் ஊரில் பாப்போம் என்றால் பார்க்க மாட்டோம் என்று பொருள்.

ஜனவரி 23

மாமாவுக்கு வெந்நீர் வைத்து உடம்பு துடைத்தேன். செண்பகத்தின் அப்பா, சோலையப்பன். எழுந்து நடக்க முடியாது. முறைப்படி மகன் வீட்டில் இருக்க வேண்டியவர். முன்வீட்டு டிவி சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் கட்டிலைப் பின்வீட்டுக்கு மாற்றச் சொன்னார். அந்த டிவி ரிப்பேராகி ஒரு வருஷம் ஆகிறது.

"மனு குடுத்தீராமே" என்றார்.

"ஆமா மாமா."

"நானும் ஒரு தடவ மனு குடுத்தேன், பஸ் வேணும்னு. இன்னும் நடந்துதான் போறாவ." பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டு, "என்னைத் தவிர" என்றார்.

பிப்ரவரி 17

கீழத்தெரு பூவலிங்கம் காலமானார். இன்று அவர் வீட்டு முறை. முறைக்கு டிமிக்கி கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பம்பாயில் இருந்த ஒரு பங்காளி இறந்துபோனதை மூன்று தடவை சொல்லி மூன்று முறை தப்பித்தார். இன்றைக்குச் சொன்ன காரணம் மட்டும் உண்மை.

பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு. தீட்டுக்காரர் கம்பைத் தொடக் கூடாது. முன்பெல்லாம் இதனால் தொந்தரவு வந்ததில்லை. கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் ஒருவர் சாவுக்கு மற்றவருக்குத் தீட்டும் கிடையாது. கீழத்தெருவில் கேதம் என்றால் மேலத்தெரு காவல் பார்க்கும். போன கோயில் கொடைத் திருவிழாவில் இரண்டு தெருவும் சமாதானமாகி, இனி நல்லது கெட்டது எல்லாம் ஒன்று என்று சாஸ்தா முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். கறிச்சோறு போட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

ஒற்றுமை வந்த பிறகு விழுந்த முதல் சாவு இது. ஊர் முழுக்கத் தீட்டு. கம்பைத் தொட ஆள் இல்லை.

பிப்ரவரி 18

காலையில் கதவைத் திறந்தால் கம்பு எங்கள் வாசலில் சாத்தியிருக்கிறது. கோயில் பூசாரி வெளியூர்க்காரர், அவர் பூவலிங்கத்தின் துட்டி வீட்டிலிருந்து எடுத்துப்போய்க் கழுவி, புதிதாக மஞ்சள் பூசிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். மச்சான் பத்தடி தள்ளி நின்றார்.

"ஊர்ல தீட்டு இல்லாத வீடு ஒங்க வீடு ஒன்னுதான் மாப்ள. செண்பகமும் ஒங்களுக்கு வாக்கப்பட்டவ. பதினாறு முடியுற வரைக்கும் நீங்கதான் பாக்கணும்."

"அப்ப மனு?"

"பதினாறு கழிச்சுக் கூட்டம் போடுவோம். அதுல பேசிருவோம்."

செண்பகம் கம்புக்கு ஒரு செம்பு தண்ணீர் விட்டு விழுந்து கும்பிட்டாள். எட்டு வருஷத்தில் எங்கள் வாசலுக்கு அது வந்தது இன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருவர் செத்ததற்குச் சந்தோஷப்படுவது சரியில்லை என்பதால் சத்தமில்லாமல் மலைக்குப் போனேன்.

பிப்ரவரி 19

மலை. வெயில். யாரும் வரவில்லை.

பிப்ரவரி 23

இடுப்பளவு புல் நிற்கிறது. வீட்டில் செவலை காலித் தொட்டியை நக்குகிறது. நான் அரிவாள் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் கை சும்மா இருக்காது. பெயர் சேர்ந்த பிறகு அறுத்துக்கொள்ளலாம்.

மாமா தினமும் மலையில் என்ன பார்த்தேன் என்று கேட்கிறார். மிளா மான் ஒன்று பார்த்தேன் என்றேன்.

"ஆணா பொட்டையா?"

"கொம்பு இல்ல மாமா."

"எங்காலத்துல அங்க ஓணான் நிக்கக்கூட நிழல் கெடையாது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். நான் மிளா பார்க்கவில்லை. அவர் கேட்பதற்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்ச் 2

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ஊருக்கே சாப்பாடு. விறகு வேண்டும். மச்சானும் இன்னும் நாலு பேரும் கோடரியோடு மலைப்பாதையில் வந்தார்கள்.

"காஞ்ச மரம் ரெண்டு மட்டும் எடுத்துக்கிடுதோம் மாப்ள. கேதத்துக்குத்தான."

மலையில் கோடரி கூடாது என்பது வனக்குழு தீர்மானம், காய்ந்த மரமும் அதில் சேரும். தீர்மானத்தில் முதல் கையெழுத்து மச்சானுடையது. அதை நான் சொல்லவில்லை. மத்தியானம் ஆகிவிட்டதால் தூக்குவாளியைத் திறக்க உட்கார்ந்தேன். திறக்க இரண்டு கை வேண்டும், அதனால் கம்பைக் கீழே வைத்தேன். அது பாதைக்குக் குறுக்கே விழுந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் உடைமுள். தீட்டோடு சாமி கம்பைத் தாண்ட அவர்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

"கம்ப எடுங்க மாப்ள."

"சாப்ட்டுக்கிட்டு இருக்கேன் மச்சான். எச்சிக்கை."

மோர்ச்சோறும் மாங்காய் ஊறுகாயும். நான் நிதானமாகச் சாப்பிடுகிறவன். அவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள், கொஞ்ச நேரம் என்னைத் திட்டினார்கள், பிறகு இறங்கிப் போனார்கள். வேண்டுமென்று வைக்கவில்லை என்று செண்பகத்திடம் சொன்னேன். அவள் ஊறுகாய் ஜாடியை மூடிக்கொண்டே, "நா ஒன்னும் கேக்கலையே" என்றாள்.

மார்ச் 4

விசேஷச் சாப்பாடு கேஸ் அடுப்பில் நடந்தது. சாம்பாரில் கேஸ் வாடை அடிக்கிறது என்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சொன்னார்கள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு வாடையும் இல்லை.

மார்ச் 8

வனக்குழுக் கூட்டம். வனத்துறையிலிருந்து வனவர் ஜெபராணி வந்திருந்தார். மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர், ஒரு கிளைகூட வெட்டுப்படவில்லை, இந்த மாதிரி காவல் இதுவரை நடந்ததில்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டப் போய், எனக்குத்தான் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டேன்.

என் மனுவை எடுத்தார்கள். விறகுக் கோபத்தில் மறுப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி மறுத்திருந்தால் நானும் பதில் வைத்திருந்தேன். மச்சான் கோபமே இல்லாமல் பேசினார்.

"மாப்ள மாதிரி காவல்காரன் கெடைக்க மாட்டான். அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா சேத்துட்டா அவரும் நம்மாளு. நம்மாளுன்னா நம்ம தீட்டு அவருக்கும் உண்டு. நாளைக்கு ஒரு கேதம்னா மலையப் பாக்க ஆரு இருக்கா? ஊர்ல தீட்டு இல்லாத ஒரு வீடாவது வேணும்லா. மலைய நெனச்சுத்தான் சொல்லுதேன்."

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. கொஞ்ச நேரம் நானும் ஆட்டினேன். அவ்வளவு நியாயமாக இருந்தது.

வனவரைப் பார்த்தேன். "விதியில சேக்கலாம்னுதான் இருக்கு. ஆனா இது மக்கள் பங்கேற்பு. குழு முடிவுல நாங்க தலையிடக் கூடாதுன்னு மேலிடத்துல சொல்லிருக்காங்க" என்றார். மக்கள் பங்கேற்றார்கள். மனு தள்ளுபடி ஆனது. எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

மார்ச் 9

மாமாவிடம் சொன்னேன். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார்.

"அப்ப நா செத்தாலும் நீருதான் மலைக்கா?"

"அப்படித்தான் ஆகும் மாமா."

"வெயில்ல பதினாறு நாள் அலையணுமே வேய். சரி, சாரல் விழட்டும். அதுக்கப்புறம் சாவுதேன்."

சால்வையை அவர் கால்மாட்டில் போர்த்தினேன். சரிகை அறுக்கிறது என்றார். எடுத்துவிட்டேன்.

மார்ச் 30

மாட்டுத் தரகர் வந்தார். செவலையின் பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், எங்கள் முகத்தையும் பார்த்தார். முகத்தைப் பார்த்த பிறகு விலையைக் குறைத்தார். கன்று போடட்டும், பார்க்கலாம் என்று செண்பகம் சொல்லிவிட்டாள்.

அவர் போன பிறகு அவள் தொழுவத்தில் நின்று அழுதாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். பிறந்த ஊரில் அவள் வீடு ஒரு வீடாகக் கணக்கில் இல்லை. அதற்குக் காரணம் நான்.

ஏப்ரல் 14

சித்திரை பிறந்தது. மச்சானுக்கு இடுப்பு வலி.

ஏப்ரல் 25

மாமா சாப்பிடுவது குறைந்துவிட்டது. கஞ்சியை ஸ்பூனில் கொடுத்தால் இரண்டு வாய். மலையில் என்ன பார்த்தேன் என்று கேட்டார். சித்திரை முதல் நாள் மச்சானுக்காகப் போனபோது குட்டியோடு மிளா பார்த்ததாகச் சொன்னேன். இந்தத் தடவை உண்மையாகவே பார்த்தேன். அவர் நம்பவில்லை.

மே 4

மாமா காலையில் போய்விட்டார். கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது உயிர் இல்லை. அவர் கண்ணை மூடிவிட்டேன். சாரல் விழ இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

மகன் வீட்டு வாசலிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதால், சுவரைச் சுற்றி முன்வீட்டுக்குத் தூக்கிப் போனோம். பந்தலுக்குச் சொன்னேன், நாற்காலி இறக்கினேன், மேளத்துக்குப் போன் போட்டேன், வந்தவர்களுக்கு டீ கொடுத்தேன். ஓடிக்கொண்டே இருந்ததால் அழுவதற்கு வாய்க்கவில்லை. செண்பகம் தலைமாட்டில் இருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் மச்சான் வந்தார். அவருக்கும் கண் வீங்கியிருந்தது.

"பந்தல் வேலை முடிஞ்சிட்டுல்லா மாப்ள. குளிச்சிட்டுக் கம்ப எடுத்துட்டு மலைக்குக் கெளம்புங்க. எடுக்கும்போது இருக்க வேண்டாம். சுடுகாட்டுக்கு வந்தா ஒங்களுக்கும் தீட்டு ஒட்டிக்கிடும். அப்புறம் காவலுக்கு ஆளு இல்ல."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. பங்காளிகள் எல்லோரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்குத் தீட்டு, மச்சான்" என்றேன்.

கீழத்தெருப் பெரியவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மருமவனுக்கு ஏது பங்காளித் தீட்டு?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எட்டு வருஷத்தில் வராத கோபம். ஆனால் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"தூக்கி உக்கார வச்சது நான். கழுவி விட்டது நான். கண்ண மூடினதும் நான். எனக்குத் தீட்டு இல்லன்னு ஆராவது அவர் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. நா இப்பவே கம்ப எடுத்துட்டுப் போறேன்."

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். செண்பகம் தலை நிமிர்ந்து அண்ணனையே பார்த்தாள். துட்டி வீட்டில் ஒருத்தனைப் பார்த்து உனக்குத் துக்கம் இல்லை என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. மற்றபடி எல்லாம் சொல்வார்கள்.

மச்சான்தான் கேட்டார். "அப்ப மலைக்கு ஆரு போறது?"

"தெரியல மச்சான்" என்றேன். பெஞ்சில் இடம் இல்லை. ஆள் ஆளாக நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வனவர் ஜெபராணி மாலையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எனக்குத் தீட்டெல்லாம் கிடையாது. நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரி. பதினாறு நாளும் நானும் எங்க வாட்சரும் பாத்துக்கிடுதோம். அது எங்க வேலைதான" என்றார்.

"இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா மேடம்" என்றார் மச்சான்.

"ஆரும் கேக்கலையே."

ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு போனார். சுடுகாட்டுக்கு நானும் போனேன்.

மே 12

செவலை கன்று போட்டது. பொட்டைக் கன்று. தீட்டு வீட்டில் சீம்பால் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதால் நாங்களே சாப்பிட்டோம். மாமாவுக்குச் சீம்பால் பிடிக்கும்.

மே 19

பதினாறாம் நாள். தலைமுழுக்குக்குப் பங்காளிகளைத் தெப்பக்குளத்தில் உட்கார வைத்து, பூசாரி வீடு வீடாகப் பெயர் சொல்லி எண்ணெய் ஊற்றினார். சங்கரபாண்டி வீடு என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். மச்சான் தலையில் எண்ணெய் வழியக் கண்ணை மூடிக்கொண்டே, "அடுத்தது திருமேனி வீடு" என்றார். ஊரில் என் பெயரைச் சொல்லி நான் கேட்டது அபூர்வம். மாப்ள என்றே பழகிவிட்டது.

சாயங்காலம் வனக்குழு கூடியது. பழைய மனுவையே எடுத்துச் சேர்த்துவிட்டார்கள். மறுப்புச் சொல்ல ஒருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு அடுப்பு தந்த கேஸ் சிலிண்டர்காரருக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம் போட்டார்கள்.

மே 20

தரகர் போன் செய்தார். எடுத்த செண்பகம், செவலை விற்பதற்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். இரண்டு தடவை சொன்னாள். ஒரு தடவையே அவருக்குக் கேட்டிருக்கும்.

ஜூன் 7

நேற்று மச்சான் முறை. இடுப்பு வலி இல்லை என்று அவரே போயிருந்தார். இன்று காலையில் கம்பு எங்கள் பின்வாசலில் இருந்தது.

"இந்த மழையில அரிவாள் எடுத்துட்டுப் போவேண்டாம். புல்லு நாளைக்கு அறுத்துக்கிடலாம்" என்றாள் செண்பகம். தூக்குவாளியில் சோறு கட்டினாள். நான் கிளம்பும்போது காலியான கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நல்ல சாரல். மேலே ஏறிப் பாறைக்கு அடியில் உட்கார்ந்து மாமாவுக்காக அழுதேன். வெகுநேரம் அழுதேன். எங்கள் வீட்டுக் காவல் நாள் என்பதால் மலையில் வேறு யாரும் இல்லை.